நுனி கிடைக்காத பெட்டி

கண்ணாடித் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவு முழுக்க அவள் ராஜ்ஜியம்தான். விளக்குக் கூடு, பூச்சாடி, பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் மெல்லிய குழாய் என்று, தும்மினால் உடைந்துபோகும் சாமான்கள் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் லாரி ஏறும். அதனால் தெருவில் அவளுக்குப் பார்சல் என்று பெயர். சின்னவர்கள் மரியாதை கருதிப் பார்சலக்கா என்பார்கள். கட்டிய புருஷனே சமையலறை வாசலில் நின்று, "பார்சல், காப்பி இருக்கா?" என்று கேட்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் கட்டிய பெட்டிகளைப் பற்றி உலவும் கதைகளுக்கு அளவே இல்லை. ஒரு தடவை பந்தயத்துக்காகப் பச்சை முட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கட்டி மூன்றாம் மாடியிலிருந்து கீழே போட்டாளாம். முட்டையில் கீறல்கூட விழவில்லையாம். ஜெயித்த சந்தோஷத்தில் பெட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டு எல்லோரும் மறந்துபோக, உள்ளேயிருந்த கதகதப்பில் முட்டை குஞ்சாகி, கீச்சுக்கீச்சென்று கத்திய பிறகுதான் பெட்டியைப் பிரித்தார்களாம். இதைச் சொல்கிறவன் அவளுடைய கொழுந்தன். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். ஒருவன் நம் கழுத்துக்குப் பக்கத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கதை சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? ஆகவே அது உண்மைக் கதை ஆகிவிட்டது.

கதை கிடக்கட்டும். அவள் கை சும்மா இருக்காது என்பதை மட்டும் அந்த வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். எதைக் கண்டாலும் சுற்றும், கட்டும், முடிச்சுப் போடும். புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவர் அவள் கட்டிக்கொடுத்த மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்து முடிப்பதற்குள் வேலைக்குத் திரும்பச் சொல்லிச் சங்கு ஊதிவிடும். வீட்டில் அதிகம் பேச மாட்டார். நாளெல்லாம் மனுஷர்களை எறும்பாகப் பார்த்துப் பழகியவருக்குப் பேச என்ன இருக்கிறது?

கிறிஸ்துமஸ் காலை விளையாட்டும் அந்தக் கையிலிருந்து பிறந்ததுதான். மகள் சிறுமியாக இருந்தபோது வீட்டில் வரும்படி மட்டு. பரிசென்று கொடுக்க ஒரு பென்சில்தான் இருந்தது. பென்சிலைக் கையில் கொடுத்தால் பிள்ளை 'சரி' என்று வாங்கி வைத்துவிட்டுப் போய்விடும். அதையே பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்று வைத்துக் கட்டிக் கொடுத்தாள். பிள்ளை காலை முழுக்கப் பிரித்தது. தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் பென்சில் வெளியே வந்தபோது, யானையே வந்தமாதிரி ஒரு கூச்சல். அன்றிலிருந்து வருஷா வருஷம் அதுதான் வழக்கம்.

வழக்கத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. எல்லாம் தொழிற்சாலையில் கற்றவை. பெட்டிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்புக் காகிதம். வெளியே பெயர் எழுதக் கூடாது. விலையுள்ள சரக்கென்று தெரிந்தால் வழியிலேயே காணாமல் போய்விடும் என்று தொழிற்சாலையில் வைத்த விதி அது. வீட்டுக்கும் அதுவே. யாருக்கென்பது உள்ளே கடைசிப் பெட்டியில் ஒட்டிய துண்டுச் சீட்டில்தான் இருக்கும். ஆகவே ஆளுக்கொரு பெட்டியை எடுத்து, அடுத்தவருக்கு வந்ததைத்தான் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கத்தி, கத்தரிக்கோல் கிட்டே வரக் கூடாது. கயிற்றின் நுனியை அவள் எங்கேயோ செருகி வைத்திருப்பாள். அந்த நுனி மட்டும் அகப்பட்டுவிட்டால் ஒரே இழுப்பு, அத்தனை முடிச்சும் பொலபொலவென்று கழன்றுவிடும். அகப்படாவிட்டால் உட்கார்ந்து தடவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலில் பிரித்தவருக்கு அன்றைக்கு முழுவதும் சாய்வு நாற்காலி. மற்றவர்கள் டீ கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மகளுக்குக் கல்யாணப் பேச்சு வரும்வரை.

மகள் வெளியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவரைத் தானே பார்த்துப் பிடித்துக்கொண்டாள். பையன் தங்கம். பையனுடைய அம்மாதான் கொஞ்சம் பயம். பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்டுக்குள் நுழைந்தால் வலியில் முனகுகிறவர்கள்கூட முனகலை நிறுத்திவிட்டு நேராகப் படுப்பார்களாம். அப்படிப்பட்டவர் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்து இரவு தங்கி, மறுநாள் சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. வீட்டையும் ஆட்களையும் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிப்பது பற்றிப் பேசுவாராம்.

மகள் அம்மாவைத் தனியே கூப்பிட்டாள்.

"அம்மா, இந்த ஒரு வருஷம் அந்தப் பெட்டி விளையாட்டு வேண்டாம்."

"ஏன்டி, பெட்டி உன்னை என்ன பண்ணுச்சு?"

"நீ பெட்டியைக் கொண்டாந்து வெச்சதும் சித்தப்பா தரையில உருளுவாரு. அவரோட ரெட்டைங்க ரெண்டும் கத்தும். நீ நாற்காலி மேல ஏறி நின்னு கைதட்டுவ. அவங்க வீட்ல கிறிஸ்துமஸ் காலையில கடிகாரம் ஓடுற சத்தம் மட்டும்தான் கேக்குமாம்."

"பாவம், கடிகாரத்துக்காவது பேச்சுத்துணை இருக்கே."

"அம்மா! விளையாடாத. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா தேதி தள்ளிப் போகும். தள்ளிப்போனா அப்படியே நின்னாலும் நின்னுடும். நல்ல பிள்ளையா காலையில டீ குடிச்சிட்டு, எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டு வருவோம். பெட்டியெல்லாம் சும்மா கூடத்துல அழகுக்கு இருக்கட்டும். அவங்க ரயில் ஏறினப்புறம் பிரிச்சுக்கலாம். சத்தியம் பண்ணு."

பார்சல் மகள் முகத்தைப் பார்த்தாள். பென்சிலைத் தேடிக் காலை முழுக்கப் பெட்டி பிரித்த முகம் அது. "சரி, சத்தியம்" என்றாள்.

முதல் நாள் சாயங்காலம் மேட்ரன் மகனோடு வந்து இறங்கினார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை, தோளில் சாம்பல் நிறச் சால்வை. அளவாகச் சிரித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூடத்து மூலையில் கோபுரமாக அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்து, "ஒழுங்கா அடுக்கியிருக்கீங்க" என்றார். பிறகு பிரயாணக் களைப்பு, தலைவலி என்று சொல்லிக் குளியலறைக்குப் போய்வந்து, ஒரு டம்ளர் பால் மட்டும் குடித்துவிட்டு, கொடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பார்சலுக்கு ஒரு பெட்டிதான் பாக்கி. புருஷனுக்கென்று சின்ன நீலப் பெட்டியோடு வாங்கிய சவரப் பிரஷ். அதைக் குளியலறைப் பலகையில் சோப்புப் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். பிறந்ததிலிருந்து புதுச் சோப்பைத் தன் கையால் எடுத்து வைத்தறியாத மனுஷர் அவர். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது. கையை மேலே நீட்டினாள். சின்ன நீலப் பெட்டி கையில் தட்டுப்பட்டது. கொண்டுவந்து, 'அப்பாவுக்கு' என்ற சீட்டை ஒட்டி, சுருட்டிய காகிதம் திணித்து, பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் கட்டி, அடையாளம் தெரியாதபடி மற்றவற்றோடு கலைத்து அடுக்கிவிட்டாள். உள்ளே திறந்து பார்க்கவில்லை. செக்கிங் பிரிவிலிருந்து மூடி வரும் பெட்டியைப் பேக்கிங் பிரிவு திறக்கக் கூடாது என்பது தொழிற்சாலையில் இன்னொரு விதி. இத்தனை வருஷத்தில் அவள் எந்தப் பெட்டியையும் திறந்து பார்த்ததில்லை.

காலையில் ஆட்கள் வந்துவிட்டார்கள். கொழுந்தன், அவன் மனைவி, அவர்களுடைய ரெட்டைப் பெண்கள், தொழிற்சாலையில் செக்கிங் பிரிவிலிருக்கும் சிநேகிதி. தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் இவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எல்லோரும் மகள் சொன்னபடி ஒழுங்காக உட்கார்ந்து, கோப்பைத் தட்டில் கோப்பையை வைத்தால் சத்தம் கேட்குமே என்று பயந்து டீ குடித்தார்கள். கேக் துண்டைக்கூடப் பூனை மாதிரி மென்றார்கள். கொழுந்தன் அண்ணியைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்களா என்று சைகையிலேயே கேட்டான்.

மேட்ரன் மட்டும் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மகள் கதவைத் தட்டினாள். கதவு கொஞ்சம் திறந்தது. சால்வையால் மூக்குவரை மூடிய முகம். டீயா என்று கேட்டதற்கு, வேண்டாமென்று கை. கோயிலுக்குக் கிளம்பலாமா என்றதற்கும் வேண்டாமென்று கை. கதவு மூடிக்கொண்டது.

மகள் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, கோபமா இருக்காங்க. ராத்திரி நீ ஏதாவது சொன்னியா?"

"பால்ல சக்கரை போதுமான்னு கேட்டேன். அதுல என்னடி கோபம்?"

"அவங்க ஒரு வருஷம்கூடக் கோயிலுக்குப் போகாம இருந்ததில்லையாம். அவரே சொல்றாரு." மருமகனாகப் போகிறவரும் எழுந்து நின்று, எதற்கென்று தெரியாமல் கையைப் பிசைந்தார்.

"நான் பாக்கிறேன்" என்று பார்சல் உள்ளே போனாள். போனவளுடைய மணிக்கட்டைப் பிடித்து மேட்ரன் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டார். பலகையிலிருந்து ஒரு நீலப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே சவரப் பிரஷ்.

பிறகு சால்வையை விலக்கினார். நேற்றுப் பார்த்த வாய் இல்லை அது. கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு சுருக்குப் பை மாதிரி மடிந்திருந்தது.

"பல்லை வெச்ச இடத்துல இது இருக்கு" என்றார். வார்த்தைகள் பாதி காற்றாகத்தான் வந்தன. பிரயாணத்தில் ஈறு வலித்தது, கழற்றிப் பெட்டியில் போட்டுப் பலகையில் வைத்துவிட்டுப் படுத்தேன் என்று சொன்னார்.

பார்சல் பிரஷ்ஷையும் அந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நேற்றுப் புருஷனுக்கென்று கட்டி வைத்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. கூடத்துல அந்தப் பெட்டிங்கள்ல ஒண்ணுல இருக்கு. எதுலன்னுதான் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி. மாப்பிள்ளையையும் கூப்பிட்டுத் தேடினா..."

மேட்ரன் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார். இந்த முறை எலும்பு நொறுங்குகிற பிடி. "அவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அவன் படிக்க வெளியூர் போயிருந்தப்ப பல் செட்டு கட்டிக்கிட்டேன். எல்லாம் சொந்தப் பல்லுன்னு சொல்லிச் சொல்லியே அவனைப் பல் தேய்க்க வெச்சு வளர்த்தவ நான். வாயில பல்லில்லாம அவன் முன்னாடி நிக்க மாட்டேன். உங்க பொண்ணுகிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

ஆக இரண்டாவது சத்தியம். பண்ணினாள்.

கூடத்துக்கு வந்தாள். ஓசைப்படாமல் ஒரு பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"அண்ணி, எங்க கடத்துறீங்க? அது என்னுதா?" என்றான் கொழுந்தன். அத்தனை கண்ணும் திரும்பின. மகளுடைய கண்ணும்.

ஒவ்வொரு பெட்டியாகச் சமையலறைக்குக் கடத்திக்கொண்டிருந்தால் கோயில் மணி அடித்து ஓய்ந்துவிடும். கேட்கிற கேள்விக்கெல்லாம் பொய் சொல்ல வேண்டும். கத்தியால் குத்திக் கிழித்தாலோ, பல்லே போய்விடும். சும்மா இருந்துவிட்டால் மேட்ரன் இப்படியே முகத்தை மூடிக்கொண்டு ரயிலேறுவார். அதோடு கல்யாணமும் ரயிலேறிவிடும். விளையாடினால் மகளுக்குக் கொடுத்த சத்தியம் போகும். உண்மையைச் சொன்னால் சம்பந்திக்குக் கொடுத்தது போகும். சம்பந்தியின் மானம் போனால் திரும்பாது, மகளுடைய கோபம் என்றைக்காவது தணியும் என்று கணக்குப் போட்டாள். மகள்தானே, திட்டிவிட்டுப் போகட்டும்.

நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினாள்.

"ம், எடுங்க பெட்டிய! இந்த வருஷம் புது விதி. கோயிலுக்குக் கிளம்புறதுக்குள்ள எல்லாப் பெட்டியும் பிரிச்சாகணும். உள்பெட்டி நீலமா இருந்தா யாரும் திறக்கக் கூடாது, நேரா என் கைக்கு வரணும்!"

"அப்பாடா, உயிர் வந்துச்சு" என்று கொழுந்தன் கோப்பையை வைத்துவிட்டுத் தரையில் பாய்ந்தான். ரெட்டைகள் கத்திய கத்தலில் மாடிவீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள்.

மகள் கிட்டே வந்து பல்லைக் கடித்தாள். "சத்தியம் பண்ணியேம்மா."

"பண்ணேன்."

"அவங்க உள்ள கோபமா இருக்காங்க. நீ இங்க ஆட்டம் போடுற. என் வாழ்க்கை உனக்கு விளையாட்டாப் போச்சா?"

வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுப் பார்சல், "நீயும் ஒண்ணு எடு" என்றாள். மகள் எடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் முட்ட நின்றுவிட்டாள். அன்று காலை பார்சலுக்குத் தாங்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.

கூடம் போர்க்களம் ஆனது. பூதக்கண்ணாடி பெட்டியைக் கண்ணோடு ஒட்டி வைத்து நுனி தேடினாள். "நாங்க செக் பண்ணி அனுப்புறதைக்கூட இவ்வளவு கட்ட மாட்டாளே, பாவி." கொழுந்தன் தன் பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினான், மேலே எறிந்து பிடித்தான், கீழே போட்டான். பிரித்ததில் வந்தது கண்ணாடி விளக்குக் கூடு, மேட்ரனுக்கென்று கட்டியது, கீறலில்லாமல். "முட்டைக் கதையை நம்பாதவன் எவன், வாடா இப்ப" என்று சவால் விட்டான். கிரேன்காரர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல், சரக்குப் பெட்டியை இறக்குகிற நிதானத்தோடு கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். எத்தனையோ பெட்டி பிரிந்தது. கையுறை, கதைப்புத்தகம், டார்ச் விளக்கு, சீப்பு எல்லாம் வந்தன. நீலப் பெட்டி மட்டும் வரவில்லை.

அப்போதுதான் அறைக் கதவு திறந்தது.

மேட்ரன் வந்தார். சால்வை மூக்குவரை, கண் இரண்டு மட்டும் வெளியே. ஆட்டம் அப்படியே நின்றது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மேட்ரன் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பெட்டிக் குவியலுக்குப் பக்கத்தில், இஸ்திரிச் சேலையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பெட்டியை மடியில் இழுத்தார். ஒரு கையால் சால்வையைப் பிடித்துக்கொண்டு, மறுகை நகத்தால் முடிச்சைச் சுரண்டினார். அவசரத்தில் அவருக்கு நுனி கிடைக்கவில்லை. 'ஹும்' என்றார். ரெட்டைகளில் ஒருத்தி நகர்ந்து வந்து, "பாட்டி, மூலையில தேடுங்க. பெரியம்மா மூலையிலதான் செருகுவாங்க" என்றாள். மேட்ரன் மூலையில் தேடினார். கிடைத்தது. இழுத்தார். கயிறு சரசரவென்று அவிழ்ந்து மடியில் விழுந்தது.

சால்வைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது. அவரே அதை எதிர்பார்க்கவில்லை போலும், திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தார். பிறகு அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார். மகள் சுவரை விட்டு விலகி, வாயைப் பிளந்துகொண்டு மெதுவாக வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடைசிப் பெட்டிகளில் ஒன்று மருமகனாகப் போகிறவர் கையில் அவிழ்ந்தது. உள்ளே நீலம்.

"மாப்பிள்ளை! திறக்காதீங்க! இங்க குடுங்க!" பார்சல் நாற்காலியிலிருந்து குதித்தாள்.

அவர் திறக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். 'அப்பாவுக்கு.' பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாயாரைப் பார்த்தார். சால்வைக்கு மேலே தெரிந்த கண்கள் அசையவில்லை. விரலால் சீட்டை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தாயாரிடம் நீட்டினார்.

"அம்மா, உங்களுக்கு வந்திருக்கு."

மேட்ரன் வாங்கிக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வந்தபோது சால்வை தோளில் இருந்தது, வாய் நிறையப் பல் இருந்தது, கையில் சவரப் பிரஷ் இருந்தது. "இது உங்களுதாம்" என்று கிரேன்காரரிடம் கொடுத்தார். அவர் வாங்கித் தாடையில் தடவிப் பார்த்து, "பரவால்ல" என்றார். அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கோயிலுக்கு நேரமாச்சு" என்றார் மேட்ரன். வாசல் தாண்டும்போது நின்று மகளிடம் கேட்டார். "இந்த விளையாட்டு வருஷா வருஷம் உண்டாம்மா?"

"உண்டு அத்தை" என்றாள் மகள், அதற்கு எதிராக ஒருநாளும் ஒரு வார்த்தை சொல்லாதவள் மாதிரி.

"அப்ப கல்யாணத்தை அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வெச்சுக்கலாம்."

சாயங்காலம் ரயில் நிலையத்தில், தாயாரை உட்கார வைத்துவிட்டு வந்த மாப்பிள்ளை பார்சலை ஓரமாகக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"அத்தை, பல் செட்டு கழுவுற மாத்திரைய அம்மா என் கடையில வாங்க மாட்டாங்க. ரெண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில வாங்குவாங்க. அந்தக் கடைக்கு அதைச் சப்ளை பண்றதே நான்தான்."

"அப்ப உங்களுக்கு..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு ரயிலேறினார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள், "பண்ணின சத்தியத்தை நீ மீறினது மீறினதுதான்மா. நல்லவேளை, அத்தைக்கு விளையாட்டுப் பிடிச்சுப்போச்சு. இல்லைன்னா உன்னை ஜென்மத்துக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

"ஆமாம்" என்றாள் பார்சல். சீட்டை முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள். கை சும்மா இருக்காதே.

கல்யாணம் நடந்தது. அடுத்த கிறிஸ்துமஸ் காலையில் மேட்ரனும் வந்தார். இந்தத் தடவை கைப்பையை விட்டுப் பிரியவே இல்லை. விளையாடும்போது அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். குவியலில் அவர் கட்டிக் கொண்டுவந்த பெட்டியும் ஒன்று இருந்தது. அது பார்சல் கையிலேயே வந்து மாட்டியது. பிளாஸ்திரி, கட்டுத்துணி, மறுபடி பிளாஸ்திரி என்று காலொடிந்தவனுக்குக் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தார். பார்சல் திருப்பினாள், தடவினாள், மூலையெல்லாம் தேடினாள். நுனி இல்லை. கொழுந்தன் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு மூன்றாவது டீ கேட்டான். கிரேன்காரர்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

கடைசியில் பார்சல் தலையைத் தூக்கி, "கத்தரிக்கோல் எடுத்துட்டு வாடி" என்றாள்.

வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அதில் உரக்கச் சிரித்தவர் மேட்ரன். உள்ளே அந்த நீலப் பெட்டிதான் இருந்தது. பார்சல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரமாகத் திரும்பி நின்று திறந்தாள். நிறைய மிட்டாய் இருந்தது. மூடியின் உள்பக்கம் ஒட்டிய சீட்டில், 'சம்பந்திக்கு' என்று எழுதியிருந்தது.

"அம்மா, ஏன் திரும்பி நின்னு திறக்கிற? அத்தை அப்படி என்ன குடுத்தாங்க?" என்றாள் மகள்.

"மிட்டாய்டி" என்றாள் பார்சல், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு. "நல்லாக் கடிச்சுத் திங்கணும்."